கதவு திறக்காது

ஜூலை 6

அன்புள்ள கண்ணுவுக்கு,

காய்ச்சல் இல்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. மூட்டு மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முணுமுணுக்கிறது. இதுதான் என் நலம். உன் நலத்தையும் இப்படி விவரமாக எழுது. "நல்லா இருக்கேன்" என்று சொல்கிறவர்களைத்தான் பிரசவ வார்டில் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

பஸ் ஏறும்போது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னோடு இத்தனை வருஷம் வார்டில் மாரடித்த குண்டூசிதான் பெட்டியைத் தூக்கி வைத்தாள். "நீ போ, இவளை நான் பாத்துக்கறேன்" என்று அவள் சொன்னது உன் காதில் விழுந்ததோ என்னவோ.

விடுதி வாசலில் வார்டன் என்னை நிறுத்தி, "பேரன்ட்ஸ் ரூமுக்குள்ள போகக்கூடாதும்மா" என்றாள். "நான்தாம்மா ஸ்டூடன்ட்" என்றேன். அடையாள அட்டையை வாங்கி, போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்து நின்றாள். என் அறையில் இருக்கும் பெண் உன்னைவிடச் சின்னவள். துணி காய்வதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதல் வகுப்பில், நீங்கள் அல்லாத வேறொருவராக நடந்து காட்டுங்கள் என்றார்கள். நான் ராணி மாதிரி நடப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். ஆசிரியை, "கையில என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். குனிந்து பார்க்கிறேன், இல்லாத மருந்து ட்ரேயைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கோபமாக இருப்பது தெரியும். இந்த வயதில் ஒரு வருஷம் நாடகப் படிப்பு எதற்கு என்றுதானே கேட்கிறாய். பள்ளிக்கூடத்தில் நான் ராஜா வேஷம் கேட்டேன். தோழிகளில் ஒருத்தியாக ஓரமாய் நிற்கச் சொன்னார்கள். அந்த ராஜா இன்னும் எனக்குள் உட்கார்ந்துகொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் காரணம்.

விடுதிக்கு ஒரே போன், வராந்தாவில். நான் பேசினால் பின்னால் ஒரு வரிசையே நின்று நம் வீட்டுக் கதையைக் கேட்கிறது. அதனால் கடிதம் போடு. மாப்பிள்ளையையும் சம்பந்தியம்மாவையும் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா


ஆகஸ்டு 3

அம்மாவுக்கு,

காய்ச்சல் இல்லை, சளி இல்லை. கடையில் லென்ஸ் தேய்க்கும் எண்ணெய் வாடைதான் இப்போதெல்லாம் குமட்டுகிறது. வேறு எண்ணெய் வாங்கச் சொல்லி முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். உன் கண் எப்படி? கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாயா, இல்லை வழக்கம்போலக் கையை நீட்டி நீட்டியா? ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறேன், என் அம்மா மட்டும் கேட்கமாட்டேன் என்கிறாள்.

அத்தை கேட்டார்: "உங்கம்மா இந்த வயசுல என்னதான் படிக்கிறாங்க?" நர்ஸிங்கில் மேல்படிப்பு என்று சொல்லிவிட்டேன். நாடகம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. மற்ற அம்மாக்கள் ரிட்டயர் ஆனதும் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிறார்கள். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போனாய். கோபம்தான். மறைக்கவில்லை.

உன் மாப்பிள்ளை உன்னை விசாரித்தார். மழையில் நனையாதே.

உன் மகள்


ஆகஸ்டு 29

கண்ணு,

எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, குறைய வேண்டியதுதான். கண்ணாடி போடுகிறேன், சத்தியம் வேண்டுமா?

இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்காதே. வாடிக்கையாளர் கண்ணில் எதையாவது குத்திவிடுவாய்.

எங்கள் முதல் நாடகம் நடந்தது. எனக்குத் தாய் வேஷம். வேறென்ன கொடுப்பார்கள்? போரில் செத்த மகனை மடியில் போட்டு அழ வேண்டும். மகனாக நடித்தவன் நல்ல பையன், செத்தவன் மாதிரியே கிடந்தான். நான் கதறிக்கொண்டே அவன் தலையைத் தூக்கினேன். தூக்கியவள் சும்மா இருந்தேனா? மூச்சுக்குழல் அடைக்காதபடி தலையை ஒருபக்கமாகத் திருப்பினேன். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடி நன்றாக இருந்தது. என்னை அறியாமல், "இருக்கு, இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பிணமும் சிரித்தது. சோக நாடகம் அன்றோடு நாறியது.

ஆசிரியை என்னை விளாசித் தள்ளியிருக்கலாம். விளாசவில்லை. "நீங்க எல்லாரையும் காப்பாத்துறீங்க. இது வார்டு இல்ல, மேடை. இங்க சில பேரைச் சாக விடணும்" என்றாள். சின்னப் பெண், ஆனாலும் சரியாகத்தான் சொன்னாள். அறைக்கு வந்து அழுதேன். இப்போது வகுப்பில் என் பெயர் "நாடி". மாத்திரை கேட்டு வருகிறவர்கள்கூட, "நாடிக்கா இருக்காங்களா?" என்றுதான் கதவைத் தட்டுகிறார்கள்.

சம்பந்தியம்மாவிடம் எதற்குப் பொய்? எனக்கு வெட்கமில்லை. உனக்கு ஏன்?

உன் அம்மா


செப்டம்பர் 16

அம்மா,

கடையில் வைத்துத்தான் படித்தேன். சிரித்த சிரிப்பில் பிரேம் ஒன்று கை தவறி விழுந்தது. ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் படித்துக் காட்டினேன். "இருக்கு, இருக்கு" என்ற இடத்தில் சமையலறையிலிருந்து வேறொரு சிரிப்புச் சத்தம். அத்தை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். கரண்டியோடு வந்து நின்று, "நர்ஸிங் படிப்புல நாடகம் போடச் சொல்றாங்களா?" என்றார். உண்மையைச் சொன்னேன். "அழுகிற வேஷத்தை அவங்களுக்கு ஏன் குடுத்தாங்க? உன் கல்யாணத்துல உங்கம்மா சமையல்காரனை மிரட்டின மிரட்டு எனக்கில்ல தெரியும். வில்லி வேஷம் கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது தினமும் "தபால் வந்துச்சா?" என்று என்னைவிட அவர்தான் கேட்கிறார். என் கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்திருக்கிறேன், உடனே கொடுத்தால் உனக்கு இளக்காரமாகிவிடும்.

கண்ணைக் கசக்காதே. மேக்கப்பைக் கழுவாமல் தூங்காதே.

உன் மகள்


அக்டோபர் 21

கண்ணு,

உடம்பு நலம். மனசுதான் தரையில் நிற்கவில்லை.

வருஷக் கடைசி நாடகம் முடிவாகிவிட்டது. மார்ச் 26, பெரிய அரங்கத்தில், ஊரே வருமாம். வகுப்பில் ஒருத்தி எழுதியது. கோட்டைக்கு வெளியே எதிரிப் படை. ராஜாவின் ஒரே மகள் வெளியே மாட்டிக்கொண்டாள். ஓடிவந்து கதவைத் தட்டுகிறாள். திறந்தால் அவள் பின்னாலேயே படையும் உள்ளே வந்துவிடும். ராஜா உள்ளே நின்று சொல்ல வேண்டியது ஒரே வரி: "கதவு திறக்காது."

ராஜா வேஷம் யாருக்கு என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. பையன்கள் சிரித்தார்கள். பிணமாக நடித்தவன் மட்டும், "நாடிக்கா செஞ்சா நான் வாயிற்காவலனா வரேன்" என்றான். ஆசிரியை படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். "குரல் இருக்கு, நடை இருக்கு. ஆனா நீங்க கதவை மூடுறீங்களா, ஆறுதல் சொல்றீங்களா?" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். "கதவு திறக்காது" என்று சொல்லும்போது, "இதோ ஆச்சும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்கிற வார்டு குரல் வந்து ஒட்டிக்கொள்கிறது. பிப்ரவரி பாதிவரை எனக்கு அவகாசம். அதற்குள் முடியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டால் நான் ராஜா. இல்லாவிட்டால் தோழிகளில் ஒருத்தி.

யோசித்துப் பார்த்தேன். யாருக்காவது நான் முடியாது என்று சொல்லியிருக்கிறேனா? உன் அப்பாவுக்கு, டாக்டர்களுக்கு, உனக்கு? ஞாபகம் வரவில்லை. சம்பந்தியம்மாவிடம் சொல், வில்லி இல்லை, அதைவிடப் பெரிது கேட்டிருக்கிறேன் என்று.

உன் அம்மா


நவம்பர் 18

அம்மா,

உட்கார்ந்துகொண்டு படி.

நீ பாட்டியாகப் போகிறாய். நாலு மாதம் ஆகிறது. நிச்சயமாகட்டும் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. டாக்டர் ஏப்ரல் கடைசி என்கிறார். உன் நாடகம் மார்ச்சில் முடிந்துவிடும், படிப்பும் முடிந்துவிடும். நிதானமாக வரலாம். அதற்கு முன்னால் வருகிறேன், லீவு போடுகிறேன் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. உன் பழைய ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. அங்கே எல்லாரும் உன்னை விசாரித்தே என்னைக் கொன்றுவிடுவார்கள். ரயிலடிப் பக்கம் இருக்கிற ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன்.

நான் நலம். அவர் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி தூக்கி வைத்து இறக்குகிறார். அத்தை சொல்கிறார்: "ராஜா கிட்ட சொல்லு, இங்க படை பலமா இருக்கு."

உன் மகள்


டிசம்பர் 5

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வராந்தாவில் இருந்த அத்தனை பெண்களையும் கட்டிப் பிடித்தேன். வார்டனையும்.

இரும்புச் சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே. இடதுபக்கம் படு. கடையில் ஸ்டூலில் ஏறி மேல்தட்டுப் பெட்டியை எடுக்கிற வேலையை இன்றோடு விடு. கால் வீங்கினால் எழுது, கண் முன்னால் பூச்சி பறந்தால் எழுதாதே, நேரே டாக்டரிடம் போ. நீ கேட்காமலே இன்னும் நாலு பக்கம் எழுதுவேன், அறைத் தோழி பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

மார்ச்சில் நாடகம், ஏப்ரலில் நீ. யாரோ எனக்காகவே உட்கார்ந்து கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. அவ்வளவு பொருத்தம்.

"கதவு திறக்காது" இன்னும் வரவில்லை. நேற்று ஒத்திகையில் அந்தப் பெண் தட்டினாள். என் கை தானாகப் போய்த் தாழ்ப்பாளைத் தொட்டது. ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டாள். புத்தாண்டு விடுமுறைக்கு வந்து உன்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் அம்மா


ஜனவரி 27

அம்மா,

வர வேண்டாம் என்று புத்தாண்டுக்குக் கார்டு போட்டதில் வருத்தமா? வீட்டுக்கு வெள்ளையடித்தோம், உட்கார இடமில்லை.

நான் நலம். மடியில் தட்டை வைத்தால் தட்டு ஆடுகிறது, அந்த அளவுக்கு உதை. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் உள்ளே போனவளின் சத்தம் வெளியே கேட்டது. அவள் அம்மா அம்மா என்றுதான் கத்தினாள். அம்மா, மார்ச் மாதம் மட்டும் என்னோடு வந்து இருக்கிறாயா? நாடகத்துக்கு உன் இடத்தில் வேறு யாரையாவது போடமாட்டார்களா? நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயம் போய்விடும். ஊர்க்காரிகள் அத்தனை பேருக்கும் கை கொடுத்தாய். எனக்கும் கொடு.

அத்தைக்கு இது தெரியாது. அவரிடம் சொல்லாமல் எழுதுகிறேன்.

உன் மகள்


பிப்ரவரி 12

கண்ணு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

வரமாட்டேன்.

காரணம் எழுத ஆரம்பித்தால் அது சமாதானமாகிவிடும். சமாதானம் சொல்லிச் சொல்லித்தான் என் குரல் இப்படி ஆகிவிட்டது. அதனால் காரணம் எழுதவில்லை. நீ பயப்படுகிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். மார்ச் 26 அன்று நான் மேடையில் இருப்பேன்.

இடதுபக்கம் படு. மூச்சை உள்ளே இழுத்து, மெதுவாக வாய்வழியாக விடு. தினமும் காலையிலும் மாலையிலும் பழகு.

உன் அம்மா


மார்ச் 27

கண்ணு,

தொண்டை கட்டியிருக்கிறது, முதுகில் ஒரு நீலத் தழும்பு. மற்றபடி உன் அம்மாவுக்கு இன்று ஒரு நோயும் இல்லை.

என் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே ஒத்திகைக்குப் போனேன். அந்தப் பெண் தட்டினாள். நான் சொன்னேன். ஆசிரியை என் பெயரை ராஜாவுக்கு எதிரே எழுதினாள்.

நேற்று அரங்கத்தில் நிற்க இடமில்லை. என் தாடி அரித்தது, கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருப்பதெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கதவுக் காட்சி வந்தது. அவள் வெளியே நின்று தட்டினாள். நாலாவது தட்டிலேயே தாழ்ப்பாள் கழன்று கீழே விழுந்தது. பிளைவுட் கதவு, என்ன செய்யும்? மெல்ல உள்பக்கமாகத் திறக்க ஆரம்பித்தது. ஊரே பார்க்கிறது. காவலனாக நின்ற பிணத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

நான் திரும்பி என் முதுகைக் கதவில் கொடுத்து அழுத்தி மூடினேன். நிறைமாதக்காரிகளைத் தூக்கி உட்காரவைத்த முதுகு இது, ஒரு பிளைவுட்டுக்கா அசையும்? அவளுக்குத் தாழ்ப்பாள் போனது தெரியாது. உயிரைக் கொடுத்துத் தட்டுகிறாள். "அப்பா, நான்தான்ப்பா, திறங்கப்பா." ஒவ்வொரு தட்டும் என் முதுகெலும்பில் விழுந்தது. சபையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கதவு திறக்காது."

அப்புறம் கடைசி வரிசையிலிருந்து எங்கள் கேன்டீன் சமையல்காரம்மா எழுந்து கத்தினாள்: "அட பாவி, பெத்த பொண்ணுய்யா, திறய்யா." அவள் அழுதுகொண்டே கத்தினாள். தினமும் எனக்குச் சோறு போடுகிறவள், நான் யாரென்றே மறந்துவிட்டாள். கண்ணு, நான் திறக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. கண் கலங்கியது, கலங்கட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன்.

முடிந்தபிறகு அரங்கம் எழுந்து நின்றது. கைதட்டல் ஓய்கிற மாதிரி ஓய்ந்து மறுபடி ஆரம்பித்தது. பிணத்தான் என்னைத் தோளில் தூக்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்துவிட்டான். ஆசிரியை என் முதுகைத் தடவி, "நாளைக்கும் தாழ்ப்பாள் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள். இன்னும் இரண்டு நாள் நாடகம் நீட்டித்திருக்கிறார்கள். நான் ஜெயித்துவிட்டேன் கண்ணு. கூச்சமில்லாமல் சொல்கிறேன், ஜெயித்துவிட்டேன்.

நீ எப்படி இருக்கிறாய்?

உன் அம்மா


மார்ச் 27

அம்மா,

இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

பெண் குழந்தை. நேற்று சாயங்காலம். இரண்டு பேரும் நலம். எடை, நிறம், அழுகை எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். தலை நிறைய முடி.

நான் உன்னை ஏமாற்றினேன். ஏப்ரல் என்பது பொய். முதலிலிருந்தே மார்ச் கடைசிதான். உண்மை தெரிந்தால் நீ ராஜாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாய். போனில் பேசினால் என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் போன் பக்கமே வரவில்லை. வெள்ளையடித்ததும் பொய். நடுவில் பயத்தில் ஒருமுறை உளறிவிட்டேன். நீ வரமாட்டேன் என்று எழுதினாய். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அத்தையிடம் கடிதத்தைக் காட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டு, "முதுகெலும்புள்ள மனுஷிடி. ராஜான்னா இதுதான் ராஜா" என்றார். அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பதில் எழுதினால் மறுபடி உளறிவிடுவேன் என்று எழுதவில்லை.

ஒரு அதிசயம் சொல்ல வேண்டும். வலி எடுத்து உள்ளே போனால் கட்டிலுக்குப் பக்கத்தில் குண்டூசி அத்தை. அவர் அந்த ஆஸ்பத்திரியே இல்லை. யூனிபாரம்கூட இல்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். கடைசிவரைக்கும் என் கையை விடவில்லை. நீ மூச்சு விடச் சொன்ன மாதிரியே அவரும் சொன்னார். எவ்வளவு அதிர்ஷ்டம் பார்.

நாடகம் எப்படி நடந்தது? அதை முதலில் எழுது. அத்தை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு "ராஜா, ராஜா" என்று கூப்பிடுகிறார். பொம்பளைப் பிள்ளை அத்தை என்றால், அதனாலென்ன என்கிறார்.

உன் மகள்


ஏப்ரல் 1

என் கண்ணே, என் சின்ன ராஜாவே,

உங்கள் இருவர் நலமும் எனக்கு 26ஆம் தேதி ராத்திரியே தெரியும். விடுதிக்கு வந்து நான் தாடியைக்கூடப் பிய்க்கவில்லை, வராந்தா போன் அடித்தது. "இருக்கு, இருக்கு. ரெண்டு நாடியும் நல்லாயிருக்கு" என்றாள் குண்டூசி. எனக்கு அடித்த கைதட்டலைவிடப் பெரிய சத்தம் அதுதான். ஆனாலும் நீயே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

கண்ணு, ஆகஸ்டு ஆரம்பத்திலேயே எண்ணெய் வாடை குமட்டுகிறது என்று எழுதினாய். அப்படியானால் ஏப்ரல் கடைசியில் எப்படிப் பிறக்கும்? ஏப்ரலில் பிறக்கிற பிள்ளைக்கு மார்ச்சில் ஏன் என்னைக் கூப்பிடுகிறாய்? பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவளிடம் போய்த் தேதியை மாற்றிச் சொன்னாயே, அந்தத் துணிச்சலுக்கே உனக்கு ஒரு வேஷம் கொடுக்கலாம். ஆனால் எனக்காகத்தான் பொய் சொல்கிறாய் என்று தெரிந்தபோது நான் உடைந்துபோனேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருப்பதே இரண்டு பிரசவ ஆஸ்பத்திரி. குண்டூசிக்கு எழுதிப் போட்டேன்; அங்கே உன் உண்மையான தேதியைக் கண்டுபிடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு உன் தெருவையே சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆக, எல்லாம் தெரிந்துதான் வரமாட்டேன் என்று எழுதினேன். உன்னைவிட நாடகம் பெரிது என்று இல்லை. அந்த அறையில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். பிடித்துக்கொள்ள ஒரு நல்ல கை வேண்டும், அது யாருடைய கையாகவும் இருக்கலாம். உனக்குக் கை பிடிக்க நாலு பேர் இருந்தார்கள். அந்தக் கதவைப் பிடிக்க நான் ஒருத்திதான் இருந்தேன். உன் பாப்பா பெரியவளானதும் அவளிடம் இதைச் சொல். அவளுக்கும் ஒருநாள் யாரிடமாவது முடியாது என்று சொல்ல வேண்டி வரும்.

நாடகத்தின் கடைசிக் காட்சியை உனக்குச் சொல்லவில்லையே. விடியும். படை போய்விடும். மகள் சுரங்கப் பாதை வழியாக எப்போதோ உள்ளே வந்து கோட்டையில் இருப்பாள். அவளைத் தேடி வெளியே போன ராஜா திரும்பி வந்து, கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதே கதவைத் தட்டுவார்.

தேர்வு முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். அட்டைக் கிரீடத்தை ஆசிரியை எனக்கே கொடுத்துவிட்டாள். பாப்பாவுக்குத் தலை நிற்கிறவரை என்னிடம் இருக்கட்டும். வந்து தட்டுவேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

உன் அம்மா